வயர்ஷார்க்கில் போர்ட்டுக்கு உரிய டிசெக்டரைப் பொருத்தும் முறை

தொழிற்சாலைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறையான மோட்பஸைப் பேசும் நிரல் ஒன்றைச் சோதிப்பதற்காக மடிக்கணினியிலேயே ஒரு சிமுலேட்டரை ஓடவிட்டு, பக்கத்தில், பிணையத்தில் செல்லும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கையும் திறந்துவைத்திருக்கிறோம் என்று கொள்வோம். மோட்பஸ் டிசிபிக்கு ஒதுக்கப்பட்ட போர்ட் 502. ஆனால் லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டில் காத்திருப்பதற்கு வழக்கமாக ரூட் உரிமை வேண்டும்; அந்தத் தொல்லையைத் தவிர்க்கவே சிமுலேட்டர்கள் பலவும் 5020 போன்ற பெரிய எண்ணை எடுத்துக்கொள்கின்றன. கேள்வியும் பதிலும் ஒழுங்காகப் போய்வருகின்றன, நிரலும் வேலை செய்கிறது. வயர்ஷார்க்கின் புரோட்டோகால் நெடுவரிசையில் மட்டும் எல்லா வரியிலும் வெறும் டிசிபி என்றே இருக்கிறது.

அந்த வரிகளில் ஒன்றைச் சொடுக்கினால் கீழ்ப்பலகத்தில் தரவாகத் தெரிபவை பன்னிரண்டு பைட்டுகள்: 00 01 00 00 00 06 01 03 00 00 00 02. மோட்பஸில் பழகியவர் இதைக் கண்ணாலேயே படித்துவிடுவார். முதல் இரண்டு பைட்டுகள் பரிவர்த்தனை எண். அடுத்த இரண்டு நெறிமுறை அடையாளம், அது மோட்பஸில் எப்போதும் பூஜ்யம். பிறகு வருவது மீதி நீளமாகிய 6. அதன்பின் அலகு எண் 1. அடுத்தது செயற்குறி 3, அதாவது கருவி தன் மதிப்புகளை வைத்திருக்கும் ஹோல்டிங் ரெஜிஸ்டரைப் படிக்கும் கட்டளை. கடைசியாகத் தொடக்க முகவரி பூஜ்யமும், கேட்கப்படும் ரெஜிஸ்டர்களின் எண்ணிக்கை இரண்டும். இவ்வளவும் வயர்ஷார்க்குக்கும் தெரியும். 5020-இல் வருவது மோட்பஸ் என்பதுதான் அதற்குத் தெரியாது. அதை எங்கே, எந்த அளவுக்கு, எவ்வளவு காலத்துக்குச் சொல்லிவைப்பது என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வியூ மெனுவின் நேம் ரெசல்யூஷன் பகுதியில் டிரான்ஸ்போர்ட் முகவரிகளுக்குப் பெயர் காட்டும் வசதியை இயக்கினால், 5020 என்ற எண் இருந்த இடத்தில் ஜெங்கின்கியோ-1 என்ற பெயர் தோன்றும். இணைய எண் ஒதுக்கீட்டு அமைப்பான அயானாவின் பட்டியலில் அந்த எண்ணைப் பதிவு செய்துகொண்ட சேவையின் பெயர் அது. நமது மோட்பஸுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தப் பெயர்ப் பட்டியல் ஒரு சர்வீசஸ் கோப்பிலிருந்து எடுக்கப்படுவது. திரையில் எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பாக்கெட்டைப் பிரித்துப் படிப்பது டிசெக்டர் எனப்படும் வேறொரு நிரல்பகுதி, அது பார்ப்பதும் வேறொரு பட்டியல். சர்வீசஸ் கோப்பில் 5020-க்கு நேரே மோட்பஸ் என்று எழுதிவிட்டு, ஏன் இன்னும் பிரித்துக் காட்டவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வயர்ஷார்க் எப்படி முடிவெடுக்கிறது

ஒவ்வொரு டிசெக்டரும் வயர்ஷார்க் தொடங்கும்போதே சில அட்டவணைகளில் தன்னைப் பதிந்துகொள்கிறது. டிசிபி போர்ட்டுக்கு ஓர் அட்டவணை, யுடிபி போர்ட்டுக்கு ஓர் அட்டவணை, ஈதர்நெட் சட்டகத்தின் வகை எண்ணுக்கு இன்னொன்று, ஐபி தலைப்பில் உள்ள நெறிமுறை எண்ணுக்கு மற்றொன்று என்று அடுக்குக்கு அடுக்கு அவை தனித்தனி. தளப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸின் டிசெக்டர் 53-இலும், கருவிகள் செய்தி பரிமாறும் எம்கியூடிடி 1883-இலும், மோட்பஸ் 502-இலும் பெயர் கொடுத்துவைத்திருக்கும். ஒரு பாக்கெட் வரும்போது அதிலுள்ள எண்ணை அட்டவணையில் தேடி, கிடைக்கிற டிசெக்டரிடம் பைட்டுகளை ஒப்படைப்பதுதான் அடிப்படை வேலை.

ஆனால் டிசிபி, யுடிபி இரண்டிலும் முதல் தேடல் போர்ட் எண்ணில் நடப்பதில்லை. அந்த இரு முனைகளுக்கும் இடையிலான உரையாடலுக்கு ஏற்கெனவே ஒரு டிசெக்டர் குறித்துவைக்கப்பட்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இணையவழித் தொலைபேசி அழைப்பில், அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி செய்திக்குள் இருக்கும் எஸ்டிபி என்ற விவரப் பகுதி, குரல் இந்த முகவரிக்கு இந்தப் போர்ட்டில் வரும் என்று அறிவிக்கிறது. அதைப் படிக்கும் டிசெக்டர் உடனே அந்தப் போர்ட்டை, குரலைச் சுமக்கும் நெறிமுறையான ஆர்டிபி என்று குறித்துவைக்கிறது. கோப்பு அனுப்பும் எஃப்டிபியில் தரவு செல்லும் இணைப்பும் இப்படித்தான் அடையாளம் காணப்படுகிறது. ஆகவே அழைப்பின் தொடக்கத்தைத் தவறவிட்டு நடுவிலிருந்து பதிவு செய்த கோப்பில் குரல் பாக்கெட்டுகள் எல்லாம் வெறும் யுடிபியாகத் தெரிந்தால் அது வயர்ஷார்க்கின் பிழையன்று. அறிவிப்பு வந்த பாக்கெட் நம் கையில் இல்லை என்பதே காரணம்.

உரையாடலில் குறிப்பு இல்லையென்றால் போர்ட் அட்டவணை பார்க்கப்படும். டிசிபியில் இணைப்பின் தொடக்கமும் பதிவாகியிருந்தால் சேவையகத்தின் எண் முதலில் பார்க்கப்படும்; மற்றபடி இரண்டு முனைகளின் போர்ட்டுகளில் சிறிய எண் முதலில், பெரிய எண் பிறகு என்பது வரிசை. சேவையகத்தின் எண் பொதுவாகச் சிறியதாக இருக்கும் என்ற கணக்கில் இந்த வரிசை அமைந்திருக்கிறது. பெரும்பாலும் அது பலிக்கவும் செய்கிறது. பலிக்காத இடமும் உண்டு. லினக்ஸ் இயங்குதளம் வெளியே செல்லும் இணைப்புகளுக்குத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் எண்கள் இயல்பாக 32768 முதல் 60999 வரை உள்ளவை. கட்டடத் தானியங்கி நெறிமுறையான பேக்நெட்டின் யுடிபி எண்ணாகிய 47808 இந்த வரம்புக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. நமது யுடிபி சேவை 51000-இல் இருந்து, ஒரு கிளையண்டுக்கு இயங்குதளம் தற்செயலாக 47808-ஐக் கொடுத்துவிட்டால், அந்த ஓர் உரையாடலை மட்டும் வயர்ஷார்க் முதலில் பேக்நெட் டிசெக்டரிடம்தான் கொண்டுபோகும். ஆயிரம் இணைப்புகளில் ஒன்று மட்டும் விசித்திரமான பெயரோடு தெரியும்போது முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

போர்ட்டாலும் விடை கிடைக்காதபோது ஹியூரிஸ்டிக் டிசெக்டர்கள் வரும். எண்ணைப் பார்க்காமல் பைட்டுகளின் வடிவத்தைப் பார்த்து, இது என்னுடையதுபோல் இருக்கிறது என்று உரிமை கோருபவை அவை. அவையும் கைவிட்டால் மிஞ்சுவது டேட்டா என்ற பொதுவான பெயர். நமது பன்னிரண்டு பைட்டுகள் வந்து நிற்கும் இடம் அது.

டிகோட் ஆஸ்: உடனடித் தீர்வு

பாக்கெட் பட்டியலில் சிமுலேட்டரோடு நடந்த உரையாடலின் ஏதாவது ஒரு வரியை வலது சொடுக்கி, டிகோட் ஆஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அனலைஸ் மெனுவிலும் அது இருக்கிறது. விசைப்பலகையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும். திறக்கும் சாளரத்தில் ஐந்து நெடுவரிசைகள் இருக்கும். ஃபீல்ட் என்பது எந்த அட்டவணை என்பதைச் சொல்வது. நமக்கு அது டிசிபி போர்ட். வேல்யூ என்பது எண். டைப் என்பது அந்த எண்ணின் வகை. அதைத் தொட வேண்டியதில்லை. டிஃபால்ட் என்பது வயர்ஷார்க் தானாக வைத்திருக்கும் பொருத்தம். 5020-க்கு அங்கே எதுவும் இல்லை என்பதற்கான குறிப்பு இருக்கும். கரன்ட் என்பது நாம் மாற்றப்போவது. அதை இருமுறை சொடுக்கினால் நீண்ட பட்டியல் ஒன்று விரியும்; அதில் மோட்பஸ் டிசிபியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இங்கே பலரும் வழுக்கும் இடம் வேல்யூ. வலது சொடுக்கில் சாளரத்தைத் திறக்கும்போது அந்த வரி நமக்காக முன்கூட்டியே நிரப்பப்பட்டு வருவதால், அதில் இருக்கும் எண்ணைப் பாராமலே அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். சில சமயம் அது சிமுலேட்டரின் 5020 அல்ல, கிளையண்டின் தற்காலிக எண்ணாகிய, எடுத்துக்காட்டாக, 43716. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் இப்போது பார்க்கும் உரையாடல் அழகாக விரிந்து தெரியும். நிரலை மறுபடி இயக்கியதும் கிளையண்டின் எண் மாறிவிடும், நாம் சொல்லிவைத்ததும் பயனற்றுப் போகும். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்ற புலம்பல்களில் கணிசமானவை இப்படிப்பட்டவையே. வேல்யூவில் இருப்பது சேவையகத்தின் எண்தானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மேலே செல்க.

சாளரத்தின் அடியில் ஓகே என்றும் சேவ் என்றும் இரண்டு பொத்தான்கள் உள்ளன. ஓகே அழுத்தினால் மாற்றம் உடனே நடப்புக்கு வரும். ஆனால் கோப்பில் எழுதப்படாததால் வயர்ஷார்க்கை மூடித் திறந்தால் போய்விடும். சேவ் அழுத்தினால் அப்போது பயன்பாட்டில் உள்ள புரொஃபைலின், அதாவது அமைப்புகளின் தொகுப்பின், கோப்புறையில் டிகோட் ஆஸ் பதிவுகளுக்கென்று உள்ள கோப்பில் ஒரு வரி எழுதப்படும். அது சாதாரண உரைக்கோப்பு. ஒவ்வொரு வரியிலும் அட்டவணையின் பெயர், எண், இயல்பான டிசெக்டர், இப்போதைய டிசெக்டர் ஆகியவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு இருக்கும். கையால் திருத்தலாம், ஆனால் சாளரத்திலிருந்து சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பு புதிதாக எழுதப்படும் என்பதால், நீங்கள் சேர்த்துவைத்த விளக்கக் குறிப்புகள் அதில் நிலைக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஒரு போர்ட்டைக் குறிப்பிட்ட டிசெக்டர் தொடாமல் தடுப்பதற்கும் இதே சாளரம் போதும். கரன்ட் பகுதியில் எதுவும் வேண்டாம் என்ற தேர்வை வைத்தால் அந்த எண்ணுக்கான பொருத்தம் மட்டும் நீங்கும். இதற்காக எனேபிள்ட் புரோட்டோகால்ஸ் சாளரத்துக்குப் போய் நெறிமுறையையே அணைத்துவிடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுபோல. அந்த நெறிமுறை உண்மையிலேயே வருகிற இடங்களிலும் அதன்பின் தெரியாது.

இன்னொன்றையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. டிகோட் ஆஸ் என்பதை ஆணை என்று நினைக்கிறோம். உண்மையில் அது பரிந்துரைதான். நன்றாக எழுதப்பட்ட டிசெக்டர் தன்னிடம் வந்த பைட்டுகளைச் சோதித்துப் பார்த்து, தன்னுடையதல்ல என்றால் திருப்பி அனுப்பிவிடும். மோட்பஸ் டிசெக்டர் நெறிமுறை அடையாளம் பூஜ்யமாக இருக்கிறதா, நீளம் இரண்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறது, இல்லையென்றால் ஒதுங்கிக்கொள்கிறது. ஆகவே எல்லாம் சரியாகச் செய்தும் டிசிபி என்றே தெரிந்தால், தேர்வைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்ப்பதை விட்டு, மூன்றாவது, நான்காவது பைட்டுகளைப் பாருங்கள். டிசிபி இணைப்புக்குள் தொடர்வரிசை இணைப்புக்கான மோட்பஸ் ஆர்டியு சட்டகத்தை அப்படியே திணித்து அனுப்பும் கேட்வே எனப்படும் மலிவான இணைப்புக் கருவிகள் உண்டு. அவற்றில் பரிவர்த்தனை எண் முதல் அலகு எண் வரையிலான ஏழு பைட்டுத் தலைப்பே இருக்காது, கடைசியில் பிழை சோதிக்கும் இரண்டு பைட்டு சிஆர்சி மட்டும் இருக்கும்.

பிரிஃபரன்சஸ்: நிலையான தீர்வு

எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் திறந்து, புரோட்டோகால்ஸ் பகுதியை விரித்து, மோட்பஸ் டிசிபி என்ற வரிக்குச் சென்றால் போர்ட் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் 502 என்று இருப்பதை 502,5020 என்று மாற்ற வேண்டும். காற்புள்ளியால் எண்களைப் பிரிக்கலாம். 5020-5029 என்று இடைக்கோட்டால் வரம்பும் தரலாம். எச்டிடிபி வரியில் 80, 3128, 8080, 8088 என்று ஒரு நீண்ட பட்டியல் முன்பே இருப்பதைக் காணலாம். 8080-இல் உங்கள் நிறுவனத்தின் சொந்த நெறிமுறை ஓடுகிறதென்றால் அந்த எண்ணை அங்கிருந்து நீக்கலாம்.

மோட்பஸைப் பொறுத்தவரை நான் டிகோட் ஆஸைவிட இந்த வழியையே பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம் உண்டு. மோட்பஸ் கேள்வியும் பதிலும் ஒரே செயற்குறியைத் தாங்கி வருகின்றன. மேலே பார்த்த கேள்விக்குப் பதிலாக வருவது 00 01 00 00 00 07 01 03 04, அதைத் தொடர்ந்து நான்கு பைட்டுத் தரவு. செயற்குறி இரண்டிலும் 3 தான். ஆனால் அதற்குப் பின்னால் வருபவற்றின் பொருள் வேறு. எது கேள்வி, எது பதில் என்று டிசெக்டர் எப்படி அறிகிறது? பாக்கெட் எந்தப் போர்ட்டிலிருந்து எந்தப் போர்ட்டுக்குச் செல்கிறது என்று பார்த்து, செல்லும் எண் தன் பிரிஃபரன்சஸ் பட்டியலில் இருந்தால் கேள்வி, புறப்பட்ட எண் பட்டியலில் இருந்தால் பதில் என்று முடிவு செய்கிறது. பட்டியலில் இரண்டுமே இல்லையென்றால், கேள்வியா பதிலா என்று பிரிக்க இயலவில்லை என்று அறிவித்துவிடுகிறது. எண்ணை அந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டால் இந்த இரண்டாவது சிக்கலும் சேர்ந்தே தீர்கிறது.

இரண்டு வழிகளுமே புரொஃபைலோடு கட்டுண்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. நான் மறந்ததன் பலனை அனுபவித்திருக்கிறேன். ஒரு சோதனைக்காக இயல்பான புரொஃபைலிலேயே 8080-ஐ வேறொரு நெறிமுறைக்கு மாற்றிச் சேமித்துவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டேன். சில மாதங்கள் கழித்து, 8080-இல் ஓடும் பிராக்ஸி என்ற இடைநிலைச் சேவையகம் ஒன்றின் பதிவைத் திறந்தபோது வரிக்கு வரி சிதைந்த பாக்கெட் என்ற எச்சரிக்கை. பிராக்ஸியில்தான் கோளாறு என்று அரைநாள் தேடிய பிறகுதான் பழைய பாவம் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பணிக்கும் ஒரு புரொஃபைல் என்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ அழுத்தினால் வரும் சாளரத்தில் கூட்டல் குறியைச் சொடுக்கிப் பெயரிட்டால் போதும். திரையின் கீழ் வலது மூலையில் எப்போதும் நடப்புப் புரொஃபைலின் பெயர் தெரிந்துகொண்டிருக்கும். லினக்ஸில் இந்தக் கோப்புறைகள் வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறைக்குள் வயர்ஷார்க் என்ற பெயரில் உள்ளன. விண்டோஸில் ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியில்.

கட்டளைவரியில்

வயர்ஷார்க்கின் கட்டளைவரி வடிவமான டிஷார்க்கில் இதைச் செய்யச் சிறிய டி எழுத்து (டிகோட் என்பதன் முதலெழுத்து) விருப்பம் இருக்கிறது. அதற்குப் பின்னால் எழுத வேண்டிய அமைப்பு இது: அட்டவணையின் பெயர், இடைவெளியின்றி இரண்டு சமக்குறிகள், போர்ட் எண், காற்புள்ளி, நெறிமுறையின் பெயர். அட்டவணைப் பெயர் என்பது டிசிபி என்ற சொல், ஒரு புள்ளி, போர்ட் என்ற சொல் ஆகிய மூன்றும் சேர்ந்தது. எல்லாம் சிறிய எழுத்தில். மோட்பஸ் டிசிபியின் உட்பெயர் எம்பிடிசிபி. தொடர்ச்சியான போர்ட்டுகள் என்றால் 5020-5029 என்றோ, 5020-இலிருந்து பத்து எண்கள் என்ற பொருளில் 5020:10 என்றோ எழுதலாம்.

பெயர்கள் நினைவில் இல்லையென்றால் தேடி அலைய வேண்டாம். சிறிய டி விருப்பத்துக்குப் பின் ஒரு புள்ளியை மட்டும் வைத்து இயக்கினால், இது செல்லாது என்று கடிந்துகொண்டே செல்லத்தக்க அட்டவணைகளையெல்லாம் டிஷார்க் அச்சிட்டுவிடும். நெறிமுறைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்தால் அங்கே பொருந்தக்கூடிய நெறிமுறைகளின் பட்டியல் வரும். பிழையை வேண்டுமென்றே செய்து விடை பெறும் இந்த உத்தி அதன் கையேட்டிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. இப்போது எந்த எண்ணுக்கு எது பொருந்தியிருக்கிறது என்ற முழுப் பட்டியல் வேண்டுமானால் பெரிய ஜி விருப்பத்தோடு டிகோட்ஸ் என்ற சொல்லைக் கொடுத்து, வருவதை கிரெப் கட்டளையில் வடிகட்டலாம். புரொஃபைலைத் தேர்ந்தெடுக்கப் பெரிய சி விருப்பம். பிரிஃபரன்சஸ் மதிப்பு ஒன்றை அந்த ஓட்டத்துக்கு மட்டும் மாற்றச் சிறிய ஓ விருப்பம். இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளில் புரொஃபைலை நம்பாமல் இவற்றை வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது. ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு என்ன பொருத்தம் செய்யப்பட்டது என்பது ஸ்கிரிப்டிலேயே தெரியும்.

போர்ட்டே நிலையில்லாதபோது

ஆர்டிபிக்கு நிலையான எண் கிடையாது. அழைப்புக்கு அழைப்பு மாறும். எஸ்ஐபி அறிவிப்பும் பதிவில் இல்லையென்றால் இரண்டு வழிகள் உள்ளன. ஓர் அழைப்பு மட்டும் என்றால் யுடிபி போர்ட்டை டிகோட் ஆஸ் மூலம் ஆர்டிபி என்று குறிக்கலாம். நூறு அழைப்புகள் என்றால் எனேபிள்ட் புரோட்டோகால்ஸ் சாளரத்தில் ஆர்டிபி என்று தேடி, அதன்கீழ் யுடிபிக்கான ஹியூரிஸ்டிக்கை இயக்கலாம். அது இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், ஆர்டிபி தலைப்பில் உறுதியாகச் சோதிக்கத் தக்கது மிகக் குறைவு என்பதுதான். முதல் பைட்டின் முதல் இரண்டு பிட்டுகளில் பதிப்பு எண் 2 இருக்க வேண்டும், அவ்வளவே. வேறு எத்தனையோ பாக்கெட்டுகளுக்கும் இது தற்செயலாகப் பொருந்திவிடும்.

ஆகவே பொருத்தம் சரிதானா என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஜி.711 முறையில் குறியாக்கிய குரலை 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை அனுப்பும் வழக்கமான அழைப்பில் வரிசை எண் பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஒன்று கூடும், நேரமுத்திரை 160 கூடும், தலைப்புக்குப் பின் 160 பைட்டுக் குரல் இருக்கும், பேலோட் வகை 0 அல்லது 8 ஆக இருக்கும். வரிசை எண் 4011, 61207, 880 என்று குதித்தால் அது ஆர்டிபி அல்ல, ஹியூரிஸ்டிக் ஏமாந்திருக்கிறது.

டிசிபி, யுடிபி ஆகியவற்றின் பிரிஃபரன்சஸில் ஹியூரிஸ்டிக்கை முதலில் முயலும்படி செய்யும் விருப்பம் ஒன்றும் உண்டு. போர்ட் அட்டவணைக்கு முன்பே வடிவம் பார்ப்பது அதன் விளைவு. எச்டிடிபிஎஸ்ஸுக்கு உரிய 443-இல் வேண்டுமென்றே வேறு எதையோ ஓடவிட்டிருக்கும் பதிவை ஆராயும்போது அது கைகொடுக்கும். மற்ற நேரங்களில் அணைத்தே வையுங்கள்.

உறைக்குள் உறையாக வருபவை

டிஎல்எஸ் போன்ற மறையாக்க அடுக்குக்குள் ஒரு நெறிமுறை ஓடும்போது பொருத்தம் இரண்டு இடங்களில் செய்யப்பட வேண்டும். எம்கியூடிடியை டிஎல்எஸ்ஸுக்குள் வைத்து 9443-இல் ஓடவிட்டிருக்கிறோம் என்றால், டிகோட் ஆஸ் சாளரத்தில் டிசிபி போர்ட் 9443-ஐ டிஎல்எஸ் என்று குறிப்பது முதல் வரி. டிஎல்எஸ் போர்ட் என்ற தனி அட்டவணையில் அதே 9443-ஐ எம்கியூடிடி என்று குறிப்பது இரண்டாவது வரி. இரண்டாவதற்கு மறைகுறி நீங்கியிருந்தால்தான் பயன். அதற்கு உலாவியோ நிரலோ எழுதித் தரும் சாவிப் பதிவுக் கோப்பை டிஎல்எஸ் பிரிஃபரன்சஸில் காட்டியிருக்க வேண்டும். டிசிபி போர்ட்டை நேராக எம்கியூடிடி என்று குறிப்பவர்கள் மறையாக்கப்பட்ட பைட்டுகளை எம்கியூடிடியாகப் படிக்கச் சொல்கிறார்கள்; குப்பைதான் மிஞ்சும்.

ஈதர்நெட் சட்டகத்தை யுடிபிக்குள் பொதிந்து அனுப்பும் விஎக்ஸ்லானின் கதை இன்னும் சுவையானது. அதற்கு முறையாக ஒதுக்கப்பட்ட யுடிபி எண் 4789. 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7348 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் லினக்ஸ் கெர்னல் அந்த ஒதுக்கீடு வருமுன்பே விஎக்ஸ்லானைச் செயல்படுத்திவிட்டதால், பழைய பயனர்களுக்காக 8472-ஐயே இன்றும் இயல்பாக வைத்திருக்கிறது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் உலகில் ஃபிளானல் என்ற பிணைய மென்பொருளைப் பயன்படுத்துவோர் காண்பது இந்த எண்ணைத்தான். அதே எண் ஓடிவி என்ற இன்னொரு நெறிமுறைக்கு உரியது என்பதால், பாக்கெட்டுகளைக் கட்டளைவரியில் காட்டும் டிசிபிடம்ப் கட்டளை ஃபிளானல் பாக்கெட்டுகளை ஓடிவி என்று அச்சிடும். பிணையத்தில் யாரோ ஓடிவி அமைத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். டிசிபிடம்பில் பெரிய டி (டைப் என்பதன் முதலெழுத்து) விருப்பத்தோடு விஎக்ஸ்லான் என்ற சொல்லைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஈதர்நெட் சட்டகம் வரை விரித்துக் காட்டும். வயர்ஷார்க் பழைய பதிப்பாக இருந்து 8472-ஐ அறியாவிட்டால், விஎக்ஸ்லான் பிரிஃபரன்சஸில் அந்த எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சரிபார்த்தலும் ஒப்படைத்தலும்

மாற்றங்களைச் செய்த பிறகு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மெனுவில் புரோட்டோகால் ஹையரார்க்கியைத் திறந்து, டேட்டா என்ற வரியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே பெரிய பங்கு இருந்தால், பொருந்தாத போர்ட் இன்னும் ஏதோ இருக்கிறது. டேட்டா என்ற ஒற்றைச் சொல்லையே வடிகட்டியாகக் கொடுத்தால் அந்தப் பாக்கெட்டுகள் மட்டும் திரையில் நிற்கும். எதிர்ப்பக்கத்தில், சிதைந்த பாக்கெட் என்ற எச்சரிக்கை ஒரே போர்ட்டில் அடுக்கடுக்காக வந்தால் அங்கே தவறான டிசெக்டர் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எங்கோ ஓரிரண்டு மட்டும் வந்தால், பதிவு செய்யும்போது பாக்கெட்டின் நீளம் வெட்டப்பட்டதா, தொடக்கம் தவறியதா என்று பார்க்க வேண்டும்; பொருத்தத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

பதிவுக் கோப்பைச் சக ஊழியருக்கு அனுப்பும்போது இந்தப் பொருத்தங்கள் எதுவும் அதோடு செல்வதில்லை. வயர்ஷார்க்கின் பதிவு வடிவமான பிகேப்என்ஜி கோப்பில் பைட்டுகளும் நேரங்களும் நம் குறிப்புரைகளும் இருக்கும். 5020 என்றால் மோட்பஸ் என்ற செய்தி இருக்காது. அவர் திறக்கும்போது நாம் முதலில் கண்ட அதே வெறும் டிசிபி வரிகள்தான் அவர் திரையில் தெரியும். புரொஃபைல் சாளரத்தில் உள்ள எக்ஸ்போர்ட் வசதி புரொஃபைலை ஒரு ஜிப் கோப்பாகத் தரும். அதை இம்போர்ட் செய்தால் அவரிடமும் அதே பொருத்தம் வந்துவிடும். அவ்வளவு வேண்டாமென்றால் மின்னஞ்சலில் ஒரே வரி போதும்: டிசிபி 5020 மோட்பஸ், பிரிஃபரன்சஸ் பட்டியலில் சேர்த்துவிட்டுத் திறக்கவும்.